மிலானுக்குப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு முதல்முறையாகப் போகவிருக்கும் தம்பி தங்கைகளே,

உங்களில் சிலர் டேனரியில் டெக்னீஷியன். சிலர் ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். இரண்டொருவர் டிசைன் பிரிவு. பிப்ரவரியிலோ செப்டம்பரிலோ மிலானுக்குப் போவீர்கள். மூன்று நாள் கண்காட்சியில் என்ன செய்ய வேண்டும் என்று முதலாளி சொல்லியிருப்பார். பையர் யார், எந்த ஹாலில் எந்த ஸ்டால், எந்த ஸ்வாட்சைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடம். அதில் நான் தலையிடப் போவதில்லை. கண்காட்சி முடிந்த பிறகு, ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் மிஞ்சுகிற இரண்டு நாள் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த இரண்டு நாளை நம்மவர்கள் கழிக்கிற விதம் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. கடைசி நாள் சாயங்காலம் சாம்பிள்களை மூட்டை கட்டியதும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பார்கள். ராத்திரியோடு ராத்திரியாக வெனிஸ். காலையில் படகுத்துறையில் அரை மணி நேரம். அங்கிருந்து பைசா. சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவது போல ஆளுக்கொரு போட்டோ. அதற்குள் ஒருவர் ரோம் என்பார், இன்னொருவர் சுவிட்சர்லாந்துப் பனி என்பார். வேன்காரர் இரண்டுக்கும் தலையாட்டுவார். மிலானிலிருந்து வெனிஸ் 270 கிலோமீட்டர், அங்கிருந்து பைசா 300க்கு மேல். இரண்டு நாளில் பாதியை வேனின் ஜன்னலோரமும் மீதியைப் பெட்ரோல் பங்க் கழிவறை வரிசையும் தின்றுவிடும். ஊருக்கு வந்ததும் வீட்டில் ‘என்ன பார்த்தே?’ என்று கேட்டால் போனை நீட்டுகிறீர்கள். போனில் இருப்பது உங்கள் முகம்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. இதே கண்காட்சி முன்பு போலோன்யாவில் நடந்தது. அங்கிருந்து புளோரன்ஸ் அந்தக் காலத்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். அப்போது போன பெரியவர்களிலும் புளோரன்ஸில் ஒரு ராத்திரி தங்கியவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். தோல் வியாபாரத்துக்காகவே அந்த நாட்டுக்குப் போய்விட்டு, தோல்காரர்கள் வாழ்ந்த நகரத்தைத் தாண்டிப் போய்க் கோபுரத்தைத் தாங்கிவிட்டு வந்திருக்கிறோம்.

என் வேண்டுகோள் சின்னது. ஒரே ஊர். இரண்டு ராத்திரி. அந்த ஊர் புளோரன்ஸ்.

ரோமை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ரோம் பெரிய ஊர். முதல்முறை போகிறவரை இரண்டு நாளில் அலைக்கழித்துத் துப்பிவிடும். புளோரன்ஸின் பழைய நகரம் நடந்தே பார்க்கக் கூடியது. ரயில் நிலையத்திலிருந்து சாந்தா குரோச்சே தேவாலயம் வரை மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரம்தான். மிலானிலிருந்து வேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். இந்த வசதிகளைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்த ஊரை ஓர் இன்ஜினியரோ டாக்டரோ பார்ப்பதற்கும் நீங்கள் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கும். அங்கே சுவரில் இருக்கிற பாதி விஷயம் உங்கள் தொழிலைப் பற்றியது.

நம் பக்கத்தில் தோல் தொட்ட கைக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஊருக்கு வெளியே, ஆற்றோரமாக, காற்று எதிர்த்திசையில் அடிக்கிற பக்கமாகப் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ‘அப்பா என்ன வேலை?’ என்று வாத்தியார் கேட்டால் ‘கம்பெனி’ என்று சொல்லி அத்தோடு வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர் எந்தச் சாதி, மண்டி வைத்தவர் யார், பாக்கி யார் யாருக்கு என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த கணக்கு.

இதை மனதில் வைத்துக்கொண்டு புளோரன்ஸில் ஓர்சான்மிகேலே என்ற கட்டடத்தின் முன்னால் போய் நில்லுங்கள். ஊரின் நட்டநடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் தானியச் சந்தை, பிறகு தேவாலயம். அந்த ஊரை ஆண்டதே தொழில் சங்கங்கள்தான். பெரிய சங்கம் 7, சிறிய சங்கம் 14. அவற்றில் பல சங்கங்கள் இந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஆளுக்கொரு மாடம் வாங்கி, தங்கள் காவல் புனிதருக்குச் சிலை வைத்தன. வங்கிக்காரர்களுக்கு ஒரு மாடம். கம்பளி வியாபாரிகளுக்கு ஒன்று. மென்மயிர்த் தோல்காரர்கள் பெரிய சங்கம், அவர்களுக்கும் ஒன்று. செருப்புத் தைப்பவர்கள் சிறிய சங்கம்தான். அவர்களும் பணம் திரட்டி, நன்னி தி பாங்கோ என்ற சிற்பியைப் பிடித்துப் புனித பிலிப்புக்குச் சிலை செய்வித்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை. வங்கிக்காரர்களின் புனிதர் நிற்கிற அதே கட்டடத்தில் செருப்புத் தைப்பவர்களின் புனிதரும் நிற்கிறார். வெளியே இருப்பது நகல். அசல் மேல்மாடி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. பேராலயத்து டோம் முன்னால் நிற்கிற நீண்ட வரிசை இங்கே கிடையாது. உயரத்தில் இருக்கும் அந்தச் சிலையைக் கழுத்து வலிக்கிற வரை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஊர் தோல்காரர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பொன்தே வெக்கியோ என்ற பழைய பாலத்தில் இன்று வரிசையாக நகைக்கடை. முன்பு அங்கே கசாப்புக் கடைகளும் தோல் வேலையும் இருந்தன. கழிவு நேரே ஆர்னோ ஆற்றில் விழும். 1593ல் முதலாம் பெர்டினாண்டோ கோமான் நாற்றம் தாங்கவில்லை என்று அவர்களைக் கிளப்பிவிட்டுப் பொற்கொல்லர்களைக் கொண்டுவந்தார். நாற்றம் பிடிக்காதவர் கையில் அதிகாரம் இருந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குப் புதிதில்லை. ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தால் சாந்தா குரோச்சே வட்டாரத்தில் தோல் பதனிடுவோர் பெயரிலேயே ஒரு தெரு, சாயக்காரர் பெயரில் இன்னொன்று. இப்போது அங்கே டேனரி எதுவும் இல்லை. தொழில் ஆற்றின் போக்கிலேயே கீழே இறங்கி, நகரத்துக்கு மேற்கே சாந்தா குரோச்சே சுல்லார்னோ என்ற ஊரைச் சுற்றிக் குடியேறிவிட்டது. கண்காட்சியில் நீங்கள் பார்க்கும் தஸ்கனி வெஜ் டேன் தோலில் பெரும்பகுதி அந்தப் பக்கத்துச் சரக்குதான்.

சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குள் மைக்கலாஞ்சலோவின் கல்லறை, கலீலியோவின் கல்லறை எல்லாம் உண்டு, பாருங்கள். பார்த்துவிட்டுப் பின்பக்கம் வாருங்கள். துறவிகள் தங்கியிருந்த பழைய கட்டடத்தில் ஒரு தோல் பள்ளி இயங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் அநாதையான பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக் கொடுக்க, பிரான்சிஸ்கன் துறவிகளும் கோரி, கசீனி என்ற இரண்டு தோல் தொழில் குடும்பங்களும் சேர்ந்து 1950ல் தொடங்கியது. மேஜை மேஜையாக ஆள் உட்கார்ந்து பை தைப்பார்கள், பர்ஸ் மடிப்பார்கள், சூடாக்கிய பித்தளை அச்சால் தங்க இலையைத் தோலில் பதிப்பார்கள். சுற்றுலா வந்த மற்றவர்கள் ஆ என்று வாய் பிளந்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் அப்படிப் போகக் கூடாது. ஓரம் எப்படிச் சீவியிருக்கிறார்கள், ஸ்கைவிங் எவ்வளவு மெல்லிசு, ஓரச்சாயம் எத்தனை பூச்சு, தையல் ஊசி சாய்ந்து இறங்குகிறதா நேராக இறங்குகிறதா என்று உங்கள் கண் தானாகவே போய்விடும். வாரநாளில் போனால்தான் ஆள் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்க்க முடியும். ஆகவே வெள்ளிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். சனி, ஞாயிறில் கடை மட்டும்தான் மிஞ்சும்.

அங்கே இன்னொன்றும் நடக்கும். வெஜ் டேன் தோலை முகர்ந்து பார்த்தால் உங்களில் பழைய டேனரிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தாத்தா சட்டையின் வாசனை வரும். அவர்கள் செஸ்ட்நட் மரச் சாறு, மிமோசா என்று பதனிடுவார்கள். அவர்கள் மிமோசா என்பதும் நாம் வாட்டில் பட்டை என்பதும் ஒன்றுதான். நம்மவர்கள் அதற்கும் முன்னால் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல்தான் ஈ.ஐ. என்ற பெயரில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. 1970களில் அரசு பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நாம் குரோமுக்கும் ஃபினிஷிங்குக்கும் ஷூவுக்கும் மாறினோம். அதில் வேலை பெருகியது, சம்பளம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் நாம் கைவிட்ட பட்டைத் தோலை அவர்கள் முத்திரை குத்தி, அட்டை கட்டி, பாரம்பரியம் என்று விலை வைத்து விற்பதைக் கடைத்தெருவில் நேரில் பார்க்கும்போது உங்கள் மண்டைக்குள் ஏதாவது ஓடாமல் இருக்காது. எந்தச் செமினாரிலும் இது ஓடாது.

ஃபெராகாமோ அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். கடையைப் பார்த்துப் பயந்து ஒதுங்க வேண்டாம். அருங்காட்சியகம் கடைக்குக் கீழ்த்தளத்தில், தனி நுழைவுச் சீட்டில். சால்வதோரே ஃபெராகாமோ 1898ல் பொனித்தோ என்ற ஏழைக் கிராமத்தில் பிறந்தவர், வீட்டில் 14 பிள்ளைகள். செருப்புத் தைப்பது அந்த ஊரிலும் கடைசித் தொழில்; வீட்டில் சம்மதிக்கவில்லை. சர்ச் சடங்குக்குச் சகோதரிகள் காலில் போட ஷூ இல்லாதபோது ஒன்பது வயதுப் பையன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தைத்துக் கொடுத்தான் என்று கதை. அமெரிக்கா போய் ஹாலிவுட் நடிகைகளுக்கு ஷூ செய்து, 1927ல் புளோரன்ஸ் திரும்பி, 1933ல் திவாலாகி, மறுபடி எழுந்தார். எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்ததற்கு வந்த தடைகளில் நல்ல எஃகு கிடைக்கவில்லை, ஷாங்க் முறிந்துகொண்டே இருந்தது. கார்க்கை ஒட்டி அடுக்கி வெட்ஜ் ஹீல் செய்ததற்கு அதுதான் காரணம். நீங்கள் லைனில் தினம் பார்க்கிற வெட்ஜின் பூர்வீகம் அந்த ஷாங்க் தட்டுப்பாடு. 1938ல் அவர் வாங்கிய மாளிகையில்தான் இன்றைக்கும் கடையும் அருங்காட்சியகமும் இருக்கின்றன.

சான் லொரென்சோ சந்தைக்கும் போங்கள், வாங்க வேண்டாம், பார்க்க. ஜாக்கெட், பை, பெல்ட் என்று தள்ளுவண்டிகள் தெருவை அடைத்திருக்கும். ‘ரியல் லெதர், மை ஃப்ரெண்ட்’ என்று கூப்பிட்டு லைட்டரைப் பற்ற வைத்துத் தோலின் மேல் காட்டுவார்கள். உலகத்தில் இருக்கிற சுற்றுலாப் பயணி எல்லாம் அதில் மயங்கலாம். ஆம்பூர்க்காரர் மயங்கக் கூடாது. உள்பக்கத்தைத் திருப்பி வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே ஸ்பிளிட்டின் மேல் பி.யூ. ஏற்றியதா, முழுத் தோலா என்று நமக்குத் தெரிந்துவிடும். தரையில் துணி விரித்துப் பெரிய பிராண்டுகளின் நகலை விற்பவரிடம் மட்டும் கை நீட்டாதீர்கள். அந்த நாட்டில் நகலை வாங்குகிறவருக்கும் அபராதம் உண்டு.

இனி ஆறு. இதைச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் நான் நம் ஊர்க்காரன் இல்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் நம் பாலாற்றுக்காகத் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது நம் கழிவுநீரை வைத்துத்தான். 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காகப் பேச வேண்டி வந்தது. இத்தாலியில் எல்லாம் சுத்தம், நாம்தான் அழுக்கு என்று சொல்லிப் பழகியவர்கள் நம்மிடையே உண்டு. சாந்தா குரோச்சே சுல்லார்னோ பக்கத்திலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டித்தான் ஆர்னோவைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அங்கேயும் 2021ல் டேனரிக் கழிவுச் சேற்றை எரித்த சாம்பல் சாலைப் பணியில் கலக்கப்பட்டதாகப் பெரிய விசாரணை கிளம்பியது. சாந்தா குரோச்சே வட்டாரச் சுவர்களில் தலைக்கு மேலே 1966 நவம்பர் 4 என்று ஒரு கோடு போட்ட கல்வெட்டைப் பார்ப்பீர்கள், ஆர்னோ வெள்ளம் ஏறிய உயரம் அது. 1903ல் பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோடு புரியும். ஆற்றைப் பகைத்துக்கொண்ட தோல் ஊர் நாம் மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்வது ஆறுதலுக்காக இல்லை. அவர்கள் எதைச் சரியாகச் செய்கிறார்கள், எதில் ஏமாற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

‘அண்ணே, டோம், டேவிட், உஃபீசி எல்லாம் பார்க்க வேண்டாமா?’ என்பீர்கள். வேண்டும். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். சனிக்கிழமை காலை ஒன்று போதும். புருனெல்லெஸ்கியின் டோமில் ஏற 463 படி, லிஃப்ட் இல்லை. நேரம் குறித்து முன்பதிவு செய்தால்தான் விடுவார்கள். டேவிட் சிலை இருக்கிற அக்காதேமியாவுக்கும் உஃபீசி ஓவியக்கூடத்துக்கும் முன்பதிவு இல்லாமல் செப்டம்பரில் போனால் வரிசையிலேயே பொழுது சாயும். திங்களன்று இரண்டும் மூடியிருக்கும். ஞாயிறு காலை தேவாலயங்களில் பூசை. பல இடங்களில் பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். பிப்ரவரியில் கூட்டம் குறைவு, குளிர் அதிகம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு தேவாலயத்துக்குள் போக அவசியம்.

சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை. அந்த ஊர் ரொட்டியில் உப்புப் போட மாட்டார்கள், காலங்காலமாக அப்படித்தான். ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். தள்ளுவண்டியில் மாட்டு இரைப்பையை வேகவைத்து ரொட்டிக்குள் வைத்து லம்ப்ரெதோத்தோ என்று விற்பார்கள். போட்டிக் குழம்பு பிடித்தவர்கள் தயங்காமல் சாப்பிடலாம். ஹலால் பார்ப்பவர்கள் கெபாப் கடைகளில் விசாரித்துச் சாப்பிடுங்கள். காய்கறியும் ரொட்டியும் போட்ட ரிபொல்லீத்தா சூப்பில்கூடச் சில இடங்களில் பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் வேலை இங்கேயே, இப்போதே தொடங்க வேண்டும். கண்காட்சி முடிந்த மறுநாளே திரும்புவதாக விசாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே போய் நாளை நீட்டப் பார்க்காதீர்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள், அதை நம்பி உட்கார வேண்டாம். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு புளோரன்ஸ் நாள்களையும் சேர்த்து எடுத்ததாக இருக்க வேண்டும். போக வர மிலான் டிக்கெட்தான் எடுக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. துபாய் வழியாக வருகிறவர்களுக்குப் போலோன்யாவிலிருந்தும் விமானம் உண்டு. புளோரன்ஸிலிருந்து போலோன்யாவுக்கு வேக ரயிலில் 40 நிமிடம்கூட ஆகாது. வேக ரயில் டிக்கெட் முன்கூட்டி எடுத்தால் மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். நிலையப் பலகையில் ஊர்ப் பெயர் ஃபிரென்ஸே என்றுதான் இருக்கும். சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தில் இறங்குங்கள். வேன் மட்டும் வேண்டாம். பழைய நகரத்துக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்துவிடும்; அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

கம்பெனியில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். ‘வேலைக்கு அனுப்பினா ஊர் சுத்தறான்’ என்பார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளை சுற்றினால் அது எக்ஸ்போஷர், டெக்னீஷியன் சுற்றினால் அது ஊர்சுற்றல் என்ற வழக்கு நம்மிடம் இருக்கிறது. தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். இரண்டு ராத்திரித் தங்கல் செலவை நீங்களே ஏற்பதாக இருந்தாலும், அந்த இரண்டு நாளை விடுப்பில் கழிக்காமல் பயணத்தின் பகுதியாகக் கணக்கு வைக்கும்படி கேளுங்கள். வெள்ளிக்கிழமை தோல் பள்ளியில் பார்த்ததைத் திங்கட்கிழமை கட்டிங் டேபிளில் பேசப் போகிறவர் நீங்கள்.

அதில்தான் என் இரண்டாவது வேண்டுகோளும். கிளோசிங் பிரிவில் வரிசை வரிசையாக மெஷினில் குனிந்து அப்பர் தைக்கிற அக்கா தங்கைகள்தான் நம் ஷூ கம்பெனிகளில் பெரும்பாலோர். அவர்கள் தைத்தது போகிற ஊரை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. மிலான் போகிற பட்டியலில் அவர்கள் பெயர் வருவதும் இல்லை. திரும்பி வந்ததும் ஒருநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், கேண்டீனில், அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். உங்கள் முகம் இல்லாத படங்களைக் காட்டுங்கள். அந்தப் பள்ளியில் தைத்த பையின் ஓரத்தை, ஃபெராகாமோவின் கார்க் ஹீலை, செருப்புத் தைப்பவர்கள் வைத்த சிலையைக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு மேலாளரிடம் கொடுத்து, அடுத்த முறை பட்டியலில் ஒரு லைன் சூப்பர்வைசர் அக்காவின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரிக்குப் போகிறவர்கள் இந்த வாரமே டிராவல் டெஸ்க்கில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: கண்காட்சி முடிந்த அன்று மாலை ரயில், புளோரன்ஸ், இரண்டு இரவு, வேன் வேண்டாம்.

இப்படிக்கு,
தோல் தொழிலில் தலை நரைத்த
ஆம்பூர்க்காரன் ஒருவன்